பாத்திரம் தட்டிய ஊர்கள்

காங்கோவின் கிழக்கோரம், தெற்குக் கிவு மாகாணத்தில் வாலுங்கு என்றொரு வட்டாரம். மலையும் மரவள்ளித் தோட்டமுமான ஊர்கள். 2005 வாக்கில் அங்கே ராத்திரியில் ஆயுதக்காரர்கள் வந்தால் ஜனங்கள் சட்டியைத் தட்டுவார்கள், விசில் ஊதுவார்கள். ஒரு வீட்டில் கிளம்பிய சத்தத்தை அடுத்த வீடு எடுத்துக்கொள்ளும். அதைக் கேட்டு, தயாராக நிற்கும் ஐ.நா. படையும் காங்கோ ராணுவமும் புறப்பட்டுப் போகும். 'நைட் ஃப்ளாஷ்' என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். அந்த மாகாணம் அப்போது பாகிஸ்தான் பட்டாளத்தின் பொறுப்பு. பாகிஸ்தான்காரன் செய்தது என்பதற்காக நல்ல யோசனையை மட்டம் தட்டுகிற பழக்கம் எனக்கில்லை. ஜனங்கள் கூப்பிட வேண்டும், பட்டாளம் கேட்டுப் போக வேண்டும் என்கிற முறை அந்த மலைகளில் சட்டிச் சத்தத்தில்தான் ஆரம்பித்தது என்பேன்.

நான் ஓய்வுபெற்ற சுபேதார். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற ஊர்கள் உண்டே, அப்படி ஒன்றில் பிறந்தவன். சர்வீஸின் கடைசிக் காலத்தில், லுவுங்கி சம்பவத்துக்குப் பிறகு (அதைப் பின்னால் சொல்கிறேன்), ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு வடக்குக் கிவுவில் ஒரு மலை முகாமில் இருந்தேன். ஊர் திரும்பினால் தங்கம், வைரம், கொரில்லா இவற்றைத்தான் விசாரிப்பார்கள். அங்கே ஜனங்களோடு எந்தப் பாஷையில் பேசினீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் அந்த மண்ணில் உயிர் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு அகப்பட்ட அறிக்கைகளையெல்லாம் படித்தேன். இந்த வரலாறு அங்கே கண்டதும் இங்கே படித்ததும் சேர்ந்தது.

ஐ.நா. படை காங்கோவுக்கு முதலில் போனது 1960இல். இந்தியப் படைக்கு அது மறக்க முடியாத நாடு. 1961 டிசம்பர் 5ஆம் தேதி எலிசபெத்வில்லில் உயிர்விட்ட கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவின் பரம்வீர் சக்கரத்தைப் பற்றி ரெக்ரூட் பையனுக்கும் தெரியும். அதே வருடம் அதே ஊரில் நடந்த இன்னொன்றை எந்தப் பயிற்சி மையத்திலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கட்டாங்கா பிரிவினைவாத ஆட்களின் வேட்டைக்குப் பயந்து பலூபா இன ஜனங்கள் பல்லாயிரம் பேர் ஐ.நா. முகாமை ஒட்டி வந்து குடியேறிவிட்டார்கள். ஸ்வீடன் சிப்பாய்கள் காவல் நின்றார்கள். இன்னாரைக் காப்பாற்று என்று அந்தப் படைக்குத் தெளிவான உத்தரவு இருந்ததில்லை. ஜனங்கள் தாமாக வந்து, காவல் காப்பது உன் வேலை என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

உத்தரவு வர நாற்பது வருடம் ஆனது. 1999இல் மோனுக் என்ற பெயரில் மறுபடியும் படை போனது. 2000 பிப்ரவரியில் பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 1291ஆம் தீர்மானத்தில்தான், உடனடி ஆபத்தில் இருக்கும் சிவிலியன்களைக் காக்கலாம் என்று எழுதினார்கள். கூடவே, படை நிற்கிற இடத்தில், படையின் சக்திக்கு உட்பட்டு என்று ஒரு வாலும் சேர்த்தார்கள். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முகாம்கள் தப்பித்தன. 2002இல் கிசங்கானி, 2003இல் புனியா, 2004இல் புகாவு என்று ஊர் பெயர்கள் நீண்டுகொண்டே போயின. ஒவ்வொன்றிலும் படை பக்கத்தில் இருந்தது, ஜனங்கள் செத்தார்கள். இதையெல்லாம் விரித்து எழுத எனக்கு மனமில்லை. கிவாஞ்சாவை மட்டும் தாண்டிப் போக முடியாது. ஏனென்றால் அங்கே இருந்தது எங்கள் நாட்டு முகாம்.

கிவாஞ்சா, வடக்குக் கிவுவின் ருட்சுரு பகுதியில் உள்ள சிறு நகரம். 2008 நவம்பர் 4, 5 தேதிகளில் கிளர்ச்சித் தலைவன் லோரான் நுகுண்டாவின் ஆட்கள் வீடு வீடாகப் போய் இளவட்டங்களை வெளியே இழுத்துக் கொன்றார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்குப்படி இறந்தவர்கள் குறைந்தது 150 பேர். ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் ஐ.நா. முகாம், அதில் சுமார் 120 இந்தியச் சிப்பாய்கள். ஊருக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. உளவு சொல்ல ஏற்பாடு இல்லை. அந்த ஊர்ப் பாஷை பேசத் தெரிந்த இன்டர்ப்ரெட்டர்கூட இல்லை. பட்டாளத்துக்காரனுக்கு இது சட்டென்று விளங்கும். துப்பாக்கி இருந்தது, வண்டி இருந்தது, சோறு இருந்தது. பக்கத்துத் தெருவில் யார் யாரைக் கொல்கிறார்கள் என்று கேட்க வாய் இல்லை.

அதற்கப்புறம்தான் மேலிடம் அசைந்தது. டிசம்பர் 2008இல் 1856ஆம் தீர்மானம், சிவிலியன்களைக் காப்பதே முதல் வேலை என்றது. 2009 ஆரம்பத்தில் கூட்டுப் பாதுகாப்புக் குழுக்கள் வந்தன. மனித உரிமைப் பிரிவு, சிறுவர் பாதுகாப்புப் பிரிவு, சிவில் அஃபேர்ஸ் என்று அலுவலகத்துக்கு ஒருவராகச் சேர்ந்து மலை முகாமுக்குப் போவார்கள். சில நாள் தங்கி, ஊர்ப் பெரியவர்களையும் பெண்களையும் பாதிரியாரையும் கண்டு பேசி, அபாயம் எங்கே எப்படி என்று எழுதி எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். நல்ல வேலை. ஆனால் அவர்கள் ஹெலிகாப்டர் கிளம்பிய மறுநாள், அவர்களிடம் பேசியவர் அங்கேயே, அதே பாதையில், அதே துப்பாக்கிக்காரனுக்கு முன்னால் நடக்க வேண்டும். அதே வருட டிசம்பரில் வட கிழக்கே மகோம்போ பகுதியில் எல்.ஆர்.ஏ. என்ற உகாண்டாக் கிளர்ச்சிக் கும்பல் 300க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. வெளி உலகத்துக்குத் தகவல் வந்தபோது 2010 மார்ச். மூன்று மாதம்! நம் ஊரில் ஆடு காணாமல் போனால்கூட அரை நாளில் பத்து ஊருக்குத் தெரியும். அங்கே டவர் இல்லை, ரோடு இல்லை, ஆள் போகப் பயம்.

பிறகு லுவுங்கி. வாலிகாலே பகுதியில் கிபுவாவுக்கும் இம்போஃபிக்கும் இடையே உள்ள சாலையில் பதின்மூன்று கிராமங்கள். 2010 ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 2 வரை ஆயுதக்காரர்கள் அந்த ஊர்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு பெண்களைச் சீரழித்தார்கள். ஐ.நா. பின்னால் விசாரித்து எழுதிய கணக்கு 387 பேர். அதில் சிறுமிகளும் உண்டு, ஆண்களும் உண்டு. கிபுவாவில் இருந்த முகாம் இந்தியப் பட்டாளத்துடையது, முப்பது கிலோமீட்டருக்குள்தான். கொடுமை என்னவென்றால் எங்கள் ரோந்து ஒன்று அந்தச் சாலையிலேயே போனது. ஊரில் யாரும் அந்த விஷயத்தைச் சொல்லவில்லை. நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்: ஹெல்மெட் போட்ட அந்நிய ஆண்கள் ஒரு ஜீப் நிறைய வந்து இறங்குகிறார்கள். அவர்கள் பாஷை புரியாது. பத்து நிமிஷத்தில் போய்விடுவார்கள். அவர்களிடம் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? சிப்பாயைத் திட்டியும் பெண்களைக் குறை சொல்லியும் எழுதியவர்கள் இருந்தார்கள். சொல்வதற்குத் தகுந்த ஒரு ஆளையும் நேரத்தையும் இடத்தையும் யாரும் ஏற்படுத்தித் தரவில்லை என்பதை அவர்கள் பார்க்கவில்லை.

ஐ.நா. தலைமையகத்திலிருந்து அதுல் காரே என்ற நம் நாட்டு அதிகாரி விசாரிக்கப் போனார். செப்டம்பரில் பாதுகாப்பு கவுன்சில் முன்னால் உட்கார்ந்து, நாங்கள் தவறிவிட்டோம் என்று ஒத்துக்கொண்டார். பெரிய இடத்தில் இருப்பவர்கள் அப்படிச் சொல்வது அபூர்வம். ராத்திரி ரோந்தைக் கூட்ட வேண்டும், ஊர்களுக்குத் தகவல் சொல்ல வழி வேண்டும் என்று யோசனைகள் வந்தன. அவற்றுள் நிலைத்து நின்றது ஒரு புது உத்தியோகம்: சி.எல்.ஏ. கம்யூனிட்டி லியேசன் அசிஸ்டென்ட் என்பதன் சுருக்கம். காங்கோக்காரர், முகாமிலேயே தங்குவார், கமாண்டருக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பார். அதற்கு முன் இருந்த இன்டர்ப்ரெட்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதோடு சரி. இவர் வேலை ஊரைக் கேட்பது. சில வருடங்களில் கிழக்குக் காங்கோ முழுக்கச் சுமார் 200 பேர் ஆனார்கள்.

எங்கள் முகாமுக்கு வந்தவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அதனால் பையன்கள் 'மாஸ்டர்' என்றே கூப்பிட்டார்கள். அவர் எங்களில் மூத்தவர்களை 'அஃபாந்தே' என்பார். சுவாஹிலி, ஹுண்டே, கின்யருவாண்டா, பிரெஞ்சு, கொஞ்சம் ஆங்கிலம் எல்லாம் அவர் நாக்கில் இருந்தன. அது பெரிதில்லை. அவர் கேட்கிற விதம்தான் பெரிது.

எங்கள் கேப்டன் ஊருக்குப் போனால் தலைவரை நாற்காலியில் உட்காரவைத்து, பாதுகாப்பு நிலைமை எப்படி என்று கேட்பார். தலைவர் நன்றாக இருக்கிறது என்பார். நோட்டில் ஏறும். மாஸ்டர் அதைக் கேட்கவே மாட்டார். இந்த வாரம் சந்தையில் பீன்ஸ் என்ன விலை என்பார். விலை திடீரென்று ஏறியிருந்தால் வழியில் எவனோ புதிதாகக் கழி போட்டு வரி வசூலிக்கிறான் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பார். பெரிய பையன்கள் குறைந்தால் ஆள்பிடிப்பு நடக்கிறது. ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று கடைசியில், கிளம்புகிற மாதிரி எழுந்து நின்றுகொண்டு கேட்பார். வீட்டில் என்றால் சரி. காட்டில் என்றால் அன்றைக்கே ரோந்துப் பாதை மாறும். கிவுவில் பயந்த ஊர்கள் பகலில் வீட்டிலும் இரவில் புதரிலும் வாழும். பகலில் மட்டும் போகிற வெள்ளை ஜீப்புக்கு எந்த ஊரும் நல்ல ஊராகத்தான் தெரியும்.

ஒரு தடவை சர்ச் திண்ணையில் கூட்டம். ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள். திரும்பும் வழியில் மரவள்ளிக் கூடை சுமந்து வந்த ஒரு அம்மாளோடு மாஸ்டர் பின்தங்கி நடந்து வந்தார். முகாம் வந்ததும் சொன்னார்: "அஃபாந்தே, நம் ரோந்து எட்டு மணிக்குப் போகிறது. பெண்கள் வயலுக்குப் போவது வெளுக்கும் முன்னால். பாதையும் வேறு, ஓடைக்கு அந்தப் பக்கம். அவர்களைப் பிடிப்பவர்களுக்கு நம் நேரம் தெரியும், நமக்குத்தான் இவர்கள் நேரம் தெரியாது." கமாண்டர் சாகிப் நல்ல மனிதர். மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கு ஆள் போட்டார். லங்கர்க்காரன் மூன்றரைக்கு எழுந்து டீ போட வேண்டியதாயிற்று என்று முணுமுணுத்தான்.

ஊர்தோறும் சிலரிடம் போனும் எங்கள் நம்பரும் கொடுத்திருந்தது. எச்சரிக்கை வலையமைப்பு என்று காகிதத்தில் பெயர். பள்ளி ஆசிரியர், நர்ஸ், சந்தைக்காரி, பாதிரியார் போன்றவர்கள். டவர் கிடைக்க மேட்டில் ஏறி ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். மாஸ்டர் திருப்பிக் கூப்பிடுவார். டவரே இல்லாத இடங்களுக்கு ஹெச்.எஃப். ரேடியோ. வடகிழக்கே டுங்கு பக்கம் கத்தோலிக்கத் திருச்சபையும் இன்விசிபிள் சில்ட்ரன் அமைப்பும் அதே மாதிரி ரேடியோக்களை வைத்து எல்.ஆர்.ஏ. நடமாட்டத்தைக் காலையும் மாலையும் ஊர் ஊராய்ச் சொல்லிக்கொண்டார்கள். போன் வைத்திருப்பதே ஆபத்து என்பதை மறந்துவிடக்கூடாது. வெள்ளை வண்டி எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிற கண்கள் உண்டு. ஆகவே மாஸ்டர் தன் ஆளைத் தனியே பார்க்க மாட்டார். ஊர் முழுவதையும் கூட்டி, எல்லோரிடமும் அரட்டை அடித்து, நடுவில் அவரிடமும் ஒரு வார்த்தை பேசுவார்.

பெண்களிடம் கேட்க எங்களிடம் பெண்கள் இல்லை என்பதே பெரிய ஓட்டை. சி.எல்.ஏ.க்களிலும் பெண்கள் சொற்பம். எங்கள் இன்ஃபன்ட்ரி கம்பெனியில் ஒருவரும் கிடையாது. இந்திய ராணுவம் பெண் சிப்பாய்கள் அடங்கிய குழுவை காங்கோவுக்கு அனுப்பியது 2019இல்தான். பின்னால் அப்படி ஒரு குழுவை அங்கே நடத்திய மேஜர் ராதிகா சென்னுக்கு 2024இல் ஐ.நா. விருது கிடைத்ததைப் பேப்பரில் பார்த்தேன். லுவுங்கி நடந்து பதினான்கு வருடம் கழித்து.

முகாமில் கேட்பது ஒரு வகை; கணக்கெடுப்பு இன்னொரு வகை. பாட்ரிக் விங்க், ஃபுவாங் ஃபாம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007 கடைசியில் கிழக்குக் காங்கோவில் 2,620 பேரிடம் நேரில் கேட்டு 2008இல் வெளியிட்டார்கள். வீடுகளைக் குலுக்கல் மாதிரி எடுத்து, உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து, அந்தந்த பாஷையில் கேட்ட கணக்கு. உங்களுக்கு முதல் தேவை என்ன என்றதற்கு ஜனங்கள் முன்னால் சொன்னவை அமைதியும் பாதுகாப்பும். சோறும் பணமும் அதற்குப் பின்னால்தான். உங்களைக் காப்பவர் யார் என்றபோது கடவுள் என்றவர்களும் உண்டு, யாருமில்லை என்றவர்களும் உண்டு. ஐ.நா. படை என்றவர்கள் மிகச் சிலரே. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு ரோஷம் வந்தது. பிறகு யோசித்தால், ஜனங்கள் பொய் சொல்லவில்லை. அவர்களே 2013 டிசம்பரில் 5,000க்கும் அதிகமானவர்களிடம் மறுபடி கேட்டார்கள். அதற்கப்புறம் சில மாதத்துக்கு ஒருமுறை கேட்பது வழக்கமானது.

அந்தக் கேள்வித்தாள்களில் எனக்குப் பிடித்தது, ராத்திரி தனியாக நடக்கப் பயமா, தண்ணீர் எடுக்கப் பயமா, அந்நியரைக் கண்டால் பயமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பதுதான். எங்கள் ஆபரேஷன் ரூமில் மேப் தொங்கும். சம்பவத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி குறைந்தால் மேலிடத்துக்குச் சந்தோஷம். ஆனால் ஊரே காலி செய்துகொண்டு போனாலும் புள்ளி குறையும். யாரும் வயலுக்குப் போகாவிட்டால் வயலில் யாரையும் பிடிக்க முடியாது. மேப்பில் அது வெற்றி. பயத்தைக் கேட்கிற கணக்கில்தான் அது தோல்வி என்று தெரியும்.

ஆக்ஸ்பாம் வருடா வருடம் கிவு ஊர்களில் இப்படிக் கேட்டு அறிக்கை போட்டுக்கொண்டிருந்தது. அதில் ஜனங்கள் சொன்ன ஒரு விஷயம் எங்களுக்குத் தர்மசங்கடமானது. காட்டுக் கும்பல் மட்டுமல்ல, சொந்த நாட்டு ராணுவமும் சாலையில் கழி போட்டுப் பணம் பறிக்கிறது, சுமை தூக்க வைக்கிறது என்றார்கள். 2009இல் கிமியா-2 என்ற நடவடிக்கையில் அதே ராணுவத்துக்கு ஐ.நா. உணவும் எரிபொருளும் வண்டியும் கொடுத்துத் துணை நின்றது. ஜனங்களிடம் கேட்கப் போனால் நமக்குப் பிடித்த பதில்தான் வரும் என்று யாரும் வாக்குத் தரவில்லை. கேட்ட பிறகு அதைக் கேளாத மாதிரி இருந்தால், அடுத்த தடவை தலைவர் சொன்ன அதே பதிலை எல்லோரும் சொல்வார்கள்: நன்றாக இருக்கிறது.

இன்னும் மோசம், கேட்டும் போகாமல் இருப்பது. 2014 ஜூன் 6ஆம் தேதி இரவு தெற்குக் கிவுவின் முத்தாருலேயில் சர்ச்சில் கூடியிருந்தவர்கள் உட்பட 30 பேருக்குமேல் கொல்லப்பட்டார்கள். ஒன்பது கிலோமீட்டரில் ஐ.நா. முகாம். இந்தத் தடவை கிவாஞ்சா மாதிரி தெரியாமல் இல்லை. போன் போயிற்று, தகவல் சேர்ந்தது. படை அந்த இரவு வரவில்லை. அதே வருடம் மார்ச்சில் ஐ.நா.வின் உள்தணிக்கை அலுவலகம் ஒரு கணக்கு வெளியிட்டிருந்தது. காங்கோ மட்டுமல்ல, சிவிலியன் பாதுகாப்புப் பொறுப்புள்ள பல நாட்டுப் படைகளுக்குமான கணக்கு. 2010க்கும் 2013க்கும் இடையே சிவிலியன்கள் தாக்கப்பட்டதாகப் பதிவான 507 சம்பவங்களில் படை உடனே செயல்பட்டது 101இல். ஐந்தில் ஒன்று. காரணம் எனக்குத் தெரியும். ராத்திரி, மழை, சேறு; வண்டி கவிழ்ந்தால் யார் பதில் சொல்வது; தன் நாட்டுத் தலைநகரிலிருந்து வந்த ரகசிய அறிவுரை; சிப்பாய்க்கு ஒன்றானால் டெல்லியிலோ இஸ்லாமாபாத்திலோ கேட்பார்கள், ஊர்க்காரனுக்கு ஒன்றானால் கேட்பாரில்லை. சி.எல்.ஏ. எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் இதற்கு அவரிடம் மருந்து கிடையாது. மறுநாள் அந்த ஊருக்குள் நடந்து போக வேண்டியவர் மட்டும் அவர்தான்.

2022 ஜூலையில் கோமாவிலும் புட்டெம்போவிலும், காப்பாற்றவில்லை என்ற கோபத்தில் ஜனங்கள் ஐ.நா. அலுவலகங்களை அடித்து நொறுக்கினார்கள். 36 பேர் இறந்தார்கள். நான்கு பேர் ஐ.நா. படையினர். 2024 ஜூனில் தெற்குக் கிவுவிலிருந்து படை முற்றிலும் விலகியது. சட்டி தட்டிய வாலுங்கு இருக்கும் மாகாணம் அது. 2025 ஜனவரி கடைசியில் எம்-23 கிளர்ச்சிப் படை வடக்குக் கிவுவின் தலைநகரான கோமாவையே பிடித்தது. ருட்சுரு, கிவாஞ்சா எல்லாம் அதற்கு முன்பே அவர்கள் கையில். ஐ.நா.வுக்குத் தகவல் சொன்னவர்கள் யார் யார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள் அவை. படை கிளம்பும்போது வண்டிக்கும் துப்பாக்கிக்கும் ஜெனரேட்டருக்கும் லிஸ்ட் போட்டு ஒப்படைப்பார்கள். போன் வைத்திருந்த நர்ஸையும் சந்தைக்காரியையும் யாரிடம் ஒப்படைப்பது என்று அந்த லிஸ்டில் பத்தி கிடையாது.

அந்த உத்தியோகம் மட்டும் பரவியது. மாலியிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் சி.எல்.ஏ.க்களை வைத்தார்கள். போகும் முன் டெல்லியில் உள்ள பயிற்சி மையத்தில் நம் பையன்களுக்கு இதைப் பற்றி இப்போது பாடமும் எடுக்கிறார்களாம்.

என் அண்ணன் மகன் யூனிட் தெற்கு சூடானுக்குக் கிளம்புகிறது. போன வாரம் போன் பண்ணி, என்னென்ன எடுத்துக்கொண்டு போகணும் சித்தப்பா என்றான். கொசுவலை, நல்ல ரெயின்கோட்டு எல்லாம் சொல்லிவிட்டு, "உங்க கம்பெனிக்கு இன்டர்ப்ரெட்டர் எத்தனை பேருன்னு போனதும் முதல்ல கேளு, அதுல பொம்பள ஆளு உண்டான்னும் கேளு" என்றேன்.

"அதெல்லாம் சி.ஓ. சாகிப் பாத்துக்குவாரு சித்தப்பா. அங்க டவர் கிடைக்குமா, அதச் சொல்லுங்க."